காலடியில் எரிவாயுக் குழாய்: கசிவுக்கு முன்பும் கசிவின்போதும் ஊரார் செய்ய வேண்டியவை

2010 செப்டம்பர் 9 மாலை 6.11 மணிக்கு, கலிபோர்னியாவின் சான் புரூனோ நகரில் ஒரு குடியிருப்புத் தெரு பிளந்து தீ எழுந்தது. விமான நிலையம் அருகில் இருந்ததால், விமானம் விழுந்துவிட்டது என்றே பலரும் முதலில் நினைத்தார்கள். வெடித்தது 1956இல் பதிக்கப்பட்ட 30 அங்குல எரிவாயுக் குழாய். அப்படியொரு குழாய் அங்கே ஓடுவது உள்ளூர்த் தீயணைப்புத் துறைக்கே தெரிந்திருக்கவில்லை. வாயு வரத்தை நிறுத்த 95 நிமிடம் ஆயிற்று. 8 பேர் இறந்தனர், 38 வீடுகள் அழிந்தன.

இந்த வழிகாட்டி அந்த 95 நிமிடங்களைப் பற்றியது. குழாய் நிறுவனத்தின் ஆட்கள் வந்து சேரும்வரை தெருவில் இருப்பவர்கள் தெருக்காரர்கள்தாம். அப்போது கை தானாகப் போகும் இடங்கள் விளக்கு சுவிட்ச், வண்டிச் சாவி, குழாய்த் தடத்தின் பெரிய வால்வு, தண்ணீர் வாளி. நான்குமே தவறான இடங்கள். அதனால் கீழே ‘செய்யாதீர்கள்’ என்ற சொல் அடிக்கடி வரும். பதறும் கையைக் கட்டிப்போடுவதுதான் இதில் கடினமான பாடம். மற்றதெல்லாம் நடையைக் கட்டுவது.

1. எந்தக் குழாய் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வயலையும் நெடுஞ்சாலையையும் கடந்து செல்லும் தொலைதூரக் குழாய்கள் எஃகால் ஆனவை. அவற்றில் அழுத்தம் பல பத்து பார் இருக்கும் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார்). நகர எல்லையில் ஒரு நிலையத்தில் அழுத்தத்தைக் குறைத்துத் தெருக்குழாய்களுக்கு அனுப்புகிறார்கள். இப்போது பதிக்கப்படும் தெருக்குழாய்கள் பெரும்பாலும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். ரெகுலேட்டரையும் மீட்டரையும் தாண்டி அடுப்புக்கு வரும்போது எஞ்சுவது சுமார் 20 மில்லிபார். 70 பார் அழுத்தமுள்ள தொலைதூரக் குழாயோடு ஒப்பிட்டால் 3,500இல் ஒரு பங்கு. இரண்டையும் ‘கேஸ் லைன்’ என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம் வருகிறது. வீட்டுக் குழாயில் கசிவென்றால் வீட்டை விட்டு வெளியேறினால் போதும். தொலைதூரக் குழாயில் என்றால் ஊரின் ஒரு பகுதியே நகர வேண்டியிருக்கும்.

வாடை விஷயத்திலும் இரண்டும் வேறு. குழாய் எரிவாயுவில் பெரும்பகுதியான மீத்தேனுக்கு இயல்பாக வாடை கிடையாது. 1937 மார்ச் 18 அன்று டெக்சஸ் மாநிலத்தின் நியூ லண்டன் பள்ளியில் வாடையற்ற வாயு யாருக்கும் தெரியாமல் தேங்கி வெடித்ததில், ஏறத்தாழ 300 மாணவர்களும் ஆசிரியர்களும் இறந்தனர். அதன் பிறகே அழுகிய முட்டை நாற்றமுள்ள மெர்காப்டனை வாயுவில் கலப்பது கட்டாயமாயிற்று. தீப்பற்றத் தேவையான அளவில் ஐந்தில் ஒரு பங்கு சேரும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் தொலைதூரக் குழாய்கள் பலவற்றில் மெர்காப்டன் கலப்பதில்லை. அங்கே மூக்கை நம்பிப் பயனில்லை.

சிலிண்டரில் வருவது வேறு வாயு. அது காற்றைவிடக் கனமானது, தரையில் படியும். மீத்தேனின் எடை காற்றின் எடையில் பாதியைச் சற்றே தாண்டும். அது மேலே எழும். ஆகவே வாயு உணர்வானைச் சிலிண்டர் வீட்டில் தரையருகே பொருத்த வேண்டும். குழாய் எரிவாயு வீட்டில் கூரையருகே. தரையருகே மாட்டிய கருவி பச்சை விளக்கு காட்டிக்கொண்டே இருக்கும், மேலே வாயு சேர்ந்துகொண்டிருக்கும்.

‘மேலே போய்விடும்’ என்று அசட்டையாகவும் இருக்க முடியாது. அழுத்தத்திலிருந்து விடுபடும் வாயு குளிர்ந்து சிறிது நேரம் தாழ்வாகவே பரவும். திரவம் கலந்த வாயு தரையோடு தவழும். 2014 ஜூன் 27 அதிகாலை, ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரிப் பகுதியில் உள்ள நகரம் என்ற கிராமத்தில் 18 அங்குலக் குழாய் கசிந்து, ஊருக்குள் வாயு பரவிய பிறகே தீப்பற்றியது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஈரமும் திரவமும் கலந்த வாயு அந்தக் குழாயை உள்ளிருந்து அரித்திருந்தது.

2. குழாய் ஓடும் தடத்தை நடந்து பாருங்கள்

குழாய் செல்லும் வழியில், சாலையைக் கடக்கும் இடங்களிலும் வயல் வரப்புகளிலும், எச்சரிக்கைக் கம்பங்களோ கற்களோ நட்டிருப்பார்கள். அவற்றில் என்ன வாயு, யாருடைய குழாய், அவசரத் தொலைபேசி எண் எது என்று இருக்கும். அந்த எண்ணை இன்றே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். கம்பம் குழாய் இருப்பதை மட்டுமே சொல்கிறது. சரியாக எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று சொல்வதில்லை. இரண்டு கம்பங்களுக்கு இடையே நேர்கோடு போட்டுக் குழாய் அதன்மேல்தான் இருக்கிறது என்று நினைப்பது பலர் செய்யும் தவறு. நடுவில் குழாய் வளைந்திருக்கலாம். பதித்தபோது ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்தது, மழை மண்ணை அரித்து இப்போது அரை மீட்டரில் இருக்கலாம்.

சில கம்பங்களில் சிறு பெட்டியும் அதற்குள் கம்பிகளும் இருக்கும். எஃகு துருப்பிடிக்காமலிருக்கக் குழாயில் மெல்லிய மின்னோட்டம் செலுத்துகிறார்கள். அது சரியாக ஓடுகிறதா என்று அளக்கும் இடம் அது. செம்புக்காக அந்தக் கம்பியைப் பிடுங்கி விற்பவருக்குக் கிடைப்பது சொற்பம். குழாய் அரிக்கப்படுவது மட்டும் அளப்பார் இல்லாமல் தொடரும்.

தடத்தின்மேல் மரம் நடாதீர்கள், கொட்டகை போடாதீர்கள், குப்பை எரிக்காதீர்கள். வேர் குழாயின் மேற்பூச்சைக் கிழிக்கும். கூரையோ கிளையோ மறைத்தால் ரோந்து வருபவர் கண்ணுக்குக் கசிவு தெரியாது.

3. தோண்டுவதற்கு முன்

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தால், கீழே உள்ள பல படிகளுக்கு வேலையே இருக்காது. ஆழ்குழாய்க் கிணறு, வேலித்தூண், சாக்கடை, இணையக் கேபிள் என எதற்காகத் தோண்டினாலும் முன்கூட்டியே குழாய் நிறுவனத்துக்குச் சொல்லி, அவர்கள் ஆள் வந்து மண்ணில் கோடு போட்ட பிறகுதான் கடப்பாரையை எடுக்க வேண்டும். கோட்டை நெருங்கியதும் பொக்லைனை நிறுத்திவிட்டு மண்வெட்டியால் மெதுவாகத் தோண்ட வேண்டும். மண்ணுக்குள் எச்சரிக்கை நாடா தென்பட்டால் அதுதான் கடைசி எச்சரிக்கை.

கசிவு வராத அடிதான் எனக்கு அதிக அச்சம் தருவது. இயந்திரத்தின் பல் குழாயில் உரசுகிறது, ஒன்றும் ஆகவில்லை, ஓட்டுநர் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகிறார். பெல்ஜியத்தின் கிஸ்லென்கியனில் கட்டுமானப் பணியின்போது இயந்திரம் பட்டுக் குழாயின் சுவர் மெலிந்திருந்தது. 2004 ஜூலை 30 அன்று அது கசிந்தது, தீயணைப்பு வீரர்கள் வந்து நின்றபோதே வெடித்தது. இறந்த 24 பேரில் அவர்களும் இருந்தனர். எனவே சிறு கீறலோ மேற்பூச்சு உரிந்ததோ எதுவானாலும் குழியை மூடாமல், விலகி நின்று நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். வேலை கொடுத்தவர் தோண்டியவரிடம், “சொன்னால் திட்ட மாட்டேன்” என்று முன்கூட்டியே வாக்களிப்பது நல்லது. கீறலை மறைக்கத் தூண்டுவது பெரும்பாலும் ஏச்சுக்குப் பயந்த மனம்தான்.

பிளாஸ்டிக் குழாயில் இன்னொரு சூது உண்டு. இயந்திரம் அதை இழுத்தால், இழுத்த இடத்தில் முறியாமல் தள்ளியிருக்கும் இணைப்பில் கழன்றுகொள்ளலாம். சில வேளை அந்த இணைப்பு வீட்டுச் சுவரை ஒட்டியோ அஸ்திவாரத்துக்கு அடியிலோ இருக்கும். குழியில் வாடை இல்லை என்று தோண்டியவர்கள் நிம்மதியாக நிற்பார்கள். வாயு அங்கே வீட்டுக்குள் சேரும்.

4. கசிவை அடையாளம் காணுங்கள்

வாடையும் ‘உஸ்’ என்ற சீற்றமும் எல்லோரும் அறிந்தவை. இவற்றையும் கவனியுங்கள்: காற்றே இல்லாதபோது ஓரிடத்தில் மட்டும் புழுதி பறப்பது, தேங்கிய நீரில் ஓயாமல் குமிழி வருவது, சுற்றிலும் பச்சையாக இருக்க ஒரு பட்டையில் மட்டும் புல் கருகியிருப்பது, வெயிலிலும் மண்ணில் உறைபனி படிவது. வீட்டுக்குள் அடுப்புச் சுடர் திடீரென்று வழக்கத்துக்கு மாறாக உயர்ந்தால் அது தெருக்குழாயில் அழுத்தம் எகிறியதன் அறிகுறியாக இருக்கலாம். 2018 செப்டம்பர் 13 அன்று மாசசூசெட்ஸின் மெர்ரிமாக் பள்ளத்தாக்கில் அப்படி எகிறியபோது, அடுத்தடுத்து இருந்த மூன்று ஊர்களில் ஒரே மாலையில் வீடுகள் தீப்பற்றின.

மூக்கு ஏமாற்றும். மண்ணுக்குள் நெடுந்தூரம் ஊர்ந்துவரும் வாயுவிலிருந்து மெர்காப்டனை மண் உறிஞ்சிக்கொள்ளும். சிறிது நேரம் முகர்ந்தால் மூக்கே பழகி, வாடை குறைந்துவிட்டதாகத் தோன்றும். வெளியிலிருந்து வருபவர் “நாறுகிறது” என்றால் அவர் சொல்வதையே நம்புங்கள்.

நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் 2014 மார்ச் 12 அன்று இரண்டு கட்டடங்கள் இடிந்து 8 பேர் இறந்தனர். முந்தைய நாளே சிலர் வாடையை உணர்ந்திருந்தார்கள், ஆனால் தகவல் தெரிவிக்கவில்லை. வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்ற எண்ணம் எல்லா ஊரிலும் இருக்கிறது. வீண் அழைப்பாகப் போனாலும் பரவாயில்லை, நீங்களே அழையுங்கள்.

5. வீட்டுக்குள் வாடை வந்தால்

சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். அழைப்பு மணி, மின்விசிறி, லிஃப்ட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பக்கத்து வீட்டாரை எச்சரிக்கக் கதவைக் கையால் தட்டுங்கள். மணியை அழுத்தினால் அந்த வீட்டுக்குள் நீங்களே பொறி வைத்ததாகிவிடும். எரியும் அடுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அணையுங்கள். வெளியேறும் வழியில் மீட்டர் வால்வு இருந்தால் கைப்பிடியைக் கால் சுற்று திருப்புங்கள். கைப்பிடி குழாய்க்குக் குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது என்று பொருள். வால்வைத் தேடிக்கொண்டு உள்ளே போகாதீர்கள்.

ஜன்னல்களைத் திறக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் எரியும். வாடை லேசாக இருந்தால் திறப்பது நல்லதே. நெடி தாங்க முடியாத அளவில் இருந்தால், அறைக்குள் 15 சதவீதத்துக்கும் மேல் இருக்கலாம். காற்று புகப்புக அது எரியும் எல்லைக்குள் இறங்கும். அறை அறையாகப் போய்த் திறந்துகொண்டிருப்பவர் அப்போது உள்ளேயே இருப்பார். எனவே போகிற வழியில் உள்ள கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

கைபேசிப் பேச்சையும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியால் தீப்பற்றுவது மிக அரிது. ஆனால் பேசிக்கொண்டே நிற்பவர் நிற்பது வாயுவுக்குள்.

6. தெருவிலோ வயலிலோ கசிந்தால்

புகையோ தூசியோ துணியோ எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். காற்று வீசும் திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். காற்றுக்கு எதிராகவோ குறுக்காகவோ நடந்து விலகுங்கள், கசிவைக் கடந்து போகாமல். வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஓட்டிக்கொண்டு வரும்போது வாயுவுக்குள் புகுந்துவிட்டால் அங்கேயே விட்டுவிட்டு இறங்கி நடங்கள்.

எவ்வளவு தூரம்? தொலைதூரக் குழாய்க்குப் பொறியாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவில் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை அங்குலத்தில் உள்ள குழாய் விட்டத்தால் பெருக்கி, அதை 0.69ஆல் பெருக்கினால், வெடிப்பின் வெப்பம் உயிரைப் பறிக்கக்கூடிய வட்டத்தின் ஆரம் அடிகளில் கிடைக்கும். 24 அங்குலக் குழாயில் 1,000 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 524 அடி, அதாவது 160 மீட்டர். 8 அங்குலக் குழாயில் 500 பி.எஸ்.ஐ. என்றால் 38 மீட்டர்தான். இந்த ஆரத்தில் போய் நின்றுகொள்ளலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. வீடுகள் எவ்வளவு நெருக்கம் என்று திட்டமிடவே இது உதவும். மக்கள் இதைப் போலப் பல மடங்கு விலக வேண்டும். வட அமெரிக்கத் தீயணைப்பாளர்களின் கையேடு, எரியக்கூடிய வாயுவின் பெருங்கசிவுக்குக் காற்று போகும் பக்கத்தில் முதலில் 800 மீட்டராவது வெளியேற்றச் சொல்கிறது.

தீப்பற்றிவிட்டால் வெப்பம் ஒளியைப் போல நேர்கோட்டில் வரும். ஒரு கட்டடத்தை நடுவில் வைத்து, அதன் மறைவிலேயே விலகிப் போவது திறந்த வெளியில் ஓடுவதைவிடப் பாதுகாப்பானது. குட்டிச்சுவரும் உதவும்.

தார்ச்சாலை, சிமெண்ட் தளம், மழையில் நனைந்த மண் ஆகியவை மூடிபோல் வாயுவை மேலே விடாது. அது கேபிள் குழாய், பாதாளச் சாக்கடை வழியே பக்கவாட்டில் ஊர்ந்து, கசிவுக்குத் தொடர்பே இல்லாதது போலிருக்கும் வீட்டின் தரைத்தளத்தில் தலைகாட்டும். சாக்கடை மூடிகளைத் திறந்து பார்க்கும் வேலையைக் கருவியோடு வருபவர்களிடம் விடுங்கள்.

7. யாரிடம், என்ன சொல்வது

முதல் அழைப்பு தீயணைப்பு அல்லது அவசர எண்ணுக்கு. உடனே இன்னொருவர் குழாய் நிறுவனத்துக்கு. இடம், கம்பத்தில் பார்த்த எண், ஓசையா வாடையா தீயா, காற்றின் திசை, அருகில் பள்ளியோ மருத்துவமனையோ உண்டா, யாராவது தோண்டினார்களா என்று சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்வதால் தேடும் நேரம் மிச்சமாகும்.

8. தீயை அணைக்காதீர்கள்

கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் குழாயிலிருந்து எரியும் வாயு, எரியாமல் வரும் வாயுவைவிட ஆபத்து குறைந்தது. எரியும்போது எங்கே இருக்கிறது என்று தெரிகிறது, எங்கும் சேர்வதில்லை. அணைத்துவிட்டால் அது ஏதோ ஓர் அறையில் சேர்ந்து மறுபடி பற்றும். தீயணைப்பு வீரர்களும் பெரும்பாலும் சுற்றியுள்ள வீடுகளில் தண்ணீர் அடித்துக் குளிர்விப்பார்கள். வாயு வரத்து நிற்கும்வரை முதன்மைச் சுடரை விட்டுவைப்பார்கள். “சும்மா நிற்கிறார்களே” என்று அவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

குழாய்த் தடத்தில் உள்ள பெரிய வால்வுகளையும் தொடாதீர்கள். தவறானதை மூடினால் வேறிடத்தில் அழுத்தம் கூடலாம், மருத்துவமனைக்குப் போகும் வரத்து நிற்கலாம். சரியானதை மூடினாலும், இரு வால்வுகளுக்கு இடையே பல கிலோமீட்டர் குழாயில் நிறைந்திருக்கும் வாயு தீரும்வரை தீ எரியத்தான் செய்யும். பிளாஸ்டிக் குழாய் கசிந்தால் மடக்கியோ கட்டியோ நிறுத்த முயலாதீர்கள். பீறிடும் வாயு குழாயின்மேல் நிலைமின்னூட்டத்தை ஏற்றுகிறது, தொட்ட கையே பொறி தரும். குழியில் மண்ணைத் தள்ளி மூடவும் கூடாது. அப்படிச் செய்தால் வாயு வேறு வழி தேடும்.

9. ஊர்த்திட்டம்

தொழிற்சாலை விபத்துகளுக்கு உள்ளூர் மக்களையும் அதிகாரிகளையும் நிறுவனத்தையும் ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டும் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 1988இல் ஒரு முறையைத் தொடங்கியது. எரிவாயுக் குழாய்க்கும் அது பொருந்தும். மேசையில் முதலில் விரிக்க வேண்டியது வரைபடம். குழாய்த் தடம், வால்வு இருக்கும் இடம், பள்ளி, மருத்துவமனை, தண்ணீர் எடுக்கும் இடம் எல்லாம் அதில் வேண்டும்; ஒரு படி தீயணைப்பு நிலையத்தின் சுவரில் இருக்க வேண்டும். சான் புரூனோவில் இல்லாதது அதுதான். அங்கே வெடிப்பில் தண்ணீர்க் குழாயும் உடைந்தது, எனவே இரண்டாவது நீர் ஆதாரத்தையும் குறித்துவையுங்கள்.

கூடும் இடம் ஒன்று போதாது. காற்று எந்தப் பக்கமும் வீசலாம், ஆகவே குழாய்க்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, போகும் வழியும் இரண்டு. தானாக நடக்க முடியாதவர்கள், காது கேளாதவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள் யார் யார், அவர்களை அழைத்துவருவது எந்த வீட்டார் என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டார் ஊரில் இல்லாவிட்டால் யார் என்பதையும் எழுதுங்கள். பட்டியலில் இரண்டாவது பெயர் இல்லாத திட்டங்களை நிறையப் பார்க்கலாம்.

ஒத்திகையைப் பகலில் மட்டும் நடத்தினால் பாதி ஒத்திகைதான். இரவில், தெருவிளக்கு இல்லாமல் ஒருமுறை நடந்து பாருங்கள். தீயணைப்பு வீரர்களும் குழாய் நிறுவனத்தாரும் அதில் கலந்துகொள்ள வேண்டும். நெருக்கடியில்தான் முதல்முறை சந்திக்கிறார்கள் என்றால் யார் சொல்வதை யார் கேட்பது என்பதிலேயே நேரம் போகும். வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தையும் வண்டிகளையும் நிறுத்தச் சாலையின் இரு முனைகளுக்கும் ஆள் போடுங்கள். படம் பிடிக்க வருபவரின் வண்டி இயந்திரம் போதும்.

10. நின்ற பிறகு

சத்தம் நின்றதாலோ வாடை போனதாலோ திரும்பாதீர்கள். வாயு அளவீட்டுக் கருவியோடு வீடு, சாக்கடை, தரைத்தளம் எல்லாம் சோதித்துத் தீயணைப்பு வீரர்களோ குழாய் நிறுவனத்தாரோ சொன்ன பிறகே போக வேண்டும். மீட்டர் வால்வை நீங்கள் மூடியிருந்தாலும் நீங்களே திறக்கக் கூடாது. வரத்து நின்று மீண்டும் வரும்போது குழாயில் காற்று கலந்திருக்கும். சில கருவிகளில் எப்போதும் எரியும் சிறுசுடர்கள் அணைந்துபோயிருந்தால் அவற்றின் வழியே எரியாத வாயு அறைக்குள் வரும். அதனால் பணியாளர் ஒவ்வொரு வீடாக வந்து, குழாயிலிருந்து காற்றை வெளியேற்றி, கருவிகளைப் பற்றவைத்துச் சரிபார்த்த பிறகுதான் அடுப்பைத் தொட வேண்டும். இதற்கு நாட்கள் ஆகலாம், மெர்ரிமாக்கில் மாதங்கள் ஆயின. வரிசையில் உங்கள் வீடு எப்போது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அந்த நாளில் வீட்டில் யாராவது இருங்கள். பூட்டிய வீட்டுக்கு வரத்தைத் திறந்துவிட மாட்டார்கள்.